கேட்டால் கிடைக்கும், கேட்பது யார்?



வீட்டில் சும்மா கிடக்கும் கருவிகளை அண்டை வீட்டாருக்கு வாடகைக்கு விடுவது பற்றி இந்த நூலக அரங்கில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பகிர்வுப் பொருளாதாரம் என்று இதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு. பெயர் ஓரமாக இருக்கட்டும். முதலில் நம் வீட்டுப் பரணைப் பார்ப்போம்.

பரணில் என்ன இருக்கிறது? ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு கேக்கோடு நின்றுபோன ஓவன் இருக்கிறது. ஒரு பொங்கலுக்கு வாங்கிய வாக்குவம் கிளீனர் இருக்கிறது. திரைச்சீலை மாட்ட நாலு ஓட்டை போட்டுவிட்டு ஓய்வெடுக்கும் ட்ரில் மிஷின் இருக்கிறது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டும் கீழே இறங்கும் டேபிள் ஃபேன் இருக்கிறது.

சரி, அதே கட்டடத்தில் இரண்டு மாடி தள்ளி என்ன நடக்கிறது? அங்கே ஒருவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ட்ரில் மிஷினுக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்! இவரிடம் இருக்கிறது, அவருக்கு வேண்டும். நடுவில் இருப்பது இரண்டு தளம் கான்கிரீட். ஆனாலும் அந்த மிஷின் படியேறிப் போவதில்லை. ஏன்?

மனிதர்கள் மாறிவிட்டார்கள், மனம் சுருங்கிவிட்டது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். நான் அதைச் சொல்லப் போவதில்லை. ஒரு பொருள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். கேட்பவருக்குக் கூச்சம். கொடுப்பவருக்குப் பயம். இருவருக்கும் அலைச்சல். கூச்சம், பயம், அலைச்சல். இந்த மூன்றையும் தீர்க்கிற ஏற்பாடு எங்கே இருந்ததோ அங்கே பகிர்வு நடந்திருக்கிறது. எங்கே இல்லையோ அங்கே எவ்வளவு நல்ல மனம் இருந்தும் நடக்கவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி உதாரணங்கள்.

நண்பர்களே, 2008-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஏர்பிஎன்பி தொடங்கியது. சொந்த வீட்டின் அறையை முன்பின் தெரியாதவருக்கு வாடகைக்கு விடலாம் என்று அது காட்டியது. உடனே உலகத்துக்கு ஒரு யோசனை பிறந்தது: அறையை விடலாம் என்றால், அறைக்குள் இருக்கும் கருவியை விட முடியாதா?

2010-இல் ரேச்சல் பாட்ஸ்மன் என்ற எழுத்தாளர் சிட்னியில் ஒரு மேடையில் பேசினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ட்ரில் மிஷின்தான். ஒரு ட்ரில் மிஷின் தன் ஆயுளில் மொத்தமே பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம்தான் ஓடுகிறது, நமக்கு வேண்டியது ஓட்டைதானே, மிஷின் எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி உலகம் சுற்றியது. 2011-இல் டைம் பத்திரிகை உலகை மாற்றப்போகும் பத்து யோசனைகளில் ஒன்றாகப் பகிர்வைச் சேர்த்தது.

பிறகு என்ன நடந்தது? நியூயார்க்கில் ஸ்னாப்குட்ஸ் என்று ஒரு நிறுவனம் வந்தது. அண்டை அயலாரிடம் கருவிகளை வாடகைக்கு எடுக்க ஒரு தளம். பத்திரிகைகள் புகழ்ந்தன. மக்கள் பதிவு செய்தார்கள். ஆனால் வாடகைக்கு எடுத்தவர்கள் போதவில்லை. 2012-இல் கடையைச் சாத்திவிட்டார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மூடிய பிறகும் பகிர்வுப் பொருளாதாரம் பற்றிய கட்டுரைகளில் அந்தப் பெயர் வெற்றிக்கு உதாரணமாக வந்துகொண்டே இருந்தது! யோசனை அவ்வளவு அழகு. அழகில் மயங்கியவர்கள் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை.

ஏன் மூடியது? நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு ட்ரில் மிஷின் இரண்டாயிரம் ரூபாய், ஒருநாள் வாடகை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம். ஆனால் அந்த நூறு ரூபாய் மிஷினுக்காகச் செய்தி அனுப்ப வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அவர் வீட்டில் இருக்கும் நேரம் கேட்க வேண்டும், போய் எடுத்துவர வேண்டும், திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுப்பவருக்கோ நூறு ரூபாய்க்காக ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் போகிறது. விலை மலிந்த பொருளுக்கு அலைச்சல் கட்டுபடியாகாது. பன்னிரண்டு நிமிடக் கணக்கு போட்டவர்கள் இந்த அலைச்சலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். ட்ரில் மிஷின் இங்கே தனியாக வருவதில்லை, ஓட்டத் தெரிந்த ஆளோடு வருகிறது. வேலை முடிந்ததும் அவரோடே போய்விடுகிறது. நம் ஊர்ப் பகிர்வின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

சற்றுப் பின்னால் போவோமா?

கோயம்புத்தூரில் 1950-களில் பிறந்தது வெட் கிரைண்டர். இன்றைக்குப் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனால் பிறந்த உடனே அது எல்லா வீட்டுக்கும் வந்துவிடவில்லை. தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். வாசலில் அட்டை தொங்கும்: இங்கே மாவு அரைத்துக் கொடுக்கப்படும். சாயங்காலமானால் ஊறவைத்த அரிசியும் உளுந்துமாகத் தூக்குவாளிகள் வரிசையில் நிற்கும். படிக்கு இவ்வளவு என்று காசு. இதை யாரும் பகிர்வுப் பொருளாதாரம் என்று அழைக்கவில்லை. ஆனால் அதுதானே இது?

அங்கே மூன்று தடைகளும் என்ன ஆயின? அலைச்சல் குறைந்துவிட்டது, ஏனென்றால் கிரைண்டர் நகரவில்லை, அரிசிதான் நகர்ந்தது. பயம் இல்லை, ஏனென்றால் ஓட்டுவது அந்த வீட்டு அம்மாவேதான். கூச்சம் இல்லை, ஏனென்றால் காசு கொடுக்கிறோம், வாசலில் அட்டை இருக்கிறது. அந்த அட்டை எவ்வளவு பெரிய வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தை வாசலிலேயே தீர்த்துவிட்டது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கப்படும் என்று இன்றும் தெருவில் அட்டை தொங்குகிறதே, அதுவும் இதே ஏற்பாடுதான். தையல் மிஷினை அவர்கள் தருவதில்லை. மிஷினின் உழைப்பைத் தருகிறார்கள்.

அடுத்து டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் கருவி. எண்பதுகளில் வளர்ந்தவர்கள் முகத்தில் இப்போதே சிரிப்பு வருகிறது! காதுகுத்து, கல்யாணம், சாவுக்குக் கண்விழிப்பு, எதுவானாலும் கலர் டிவியும் டெக்கும் ஓர் இரவுக்கு வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். சும்மா வருமா? கடைப் பையனும் கூடவே வருவான். கேசட் சிக்கினால் எடுப்பதும் அவன்தான், ஹெட்டைத் துடைப்பதும் அவன்தான், காலையில் கட்டி எடுத்துப் போவதும் அவன்தான். விலை உயர்ந்த கருவி, அதற்கு ஒரு காவல், அதை ஓட்ட ஒரு கை. உழவுக்கு டிராக்டரை மணிக்கணக்கில் டிரைவரோடு எடுக்கிறோமே, அதுவும் இப்படித்தான்.

மூன்றாவது, வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குத்துப்போணி, ஜல்லிக்கரண்டி, ஜமக்காளம், மடக்கு நாற்காலி, சீரியல் செட். எந்த வீடும் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் பாத்திரத்தை வாங்கி வைப்பதில்லை. கடைக்காரர் நோட்டில் எண்ணி எழுதிக் கொடுப்பார், திரும்பும்போது எண்ணி வாங்குவார், கரண்டி குறைந்தால் காசு பிடிப்பார். இதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்தோமே, அது எதற்கு? பாத்திரம் வெளியே போகும், போனால் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. ஊர் சுற்றத் தயாராக இருந்த பாத்திரங்கள் அவை.

பிறகு ஏன் இவற்றில் பல மறைந்தன? விலை இறங்கியது, வருமானம் ஏறியது. அரசும் கை கொடுத்தது. 2006-இல் தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்த அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. 2011-இல் வந்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. வெள்ளிக்கிழமை இரவு டிவியில் ஒளியும் ஒலியும் என்ற திரைப்பாட்டு நிகழ்ச்சி பார்க்கப் பக்கத்து வீட்டு வாசலில் நெருக்கியடித்து உட்கார்ந்த குழந்தைகளின் பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டில் டிவி வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வாசலில் சில குழந்தைகள் உள்ளே அழைக்கப்பட்டார்கள், சில குழந்தைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். சொந்த டிவி அந்த ஜன்னல் கம்பியிலிருந்து அவர்களை விடுவித்தது.

ஆம், இங்கே ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பழைய இரவல் பழக்கத்துக்கு ஒரு வேலி இருந்தது. யார் வீட்டுச் சொம்பு யார் வீட்டுக்குப் போகலாம், யார் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதைச் சாதி முடிவு செய்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாரோடும் பகிர்ந்து வாழ்ந்தார்கள் என்று பேசுகிறவர்கள், அந்த எல்லாரில் யார் யார் அடக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய செயலிகளும் இதிலிருந்து தப்பவில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பியில் சோதனை செய்து பார்த்தார்கள். கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரியும் பெயரில் அறை கேட்டால், வெள்ளையர் பெயரில் கேட்பதைவிட 16 சதவீதம் குறைவாகவே சம்மதம் கிடைத்தது. பெயரைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இருக்கிறது. ஆகவே எந்த ஏற்பாடு செய்தாலும் விலையும் விதியும் எல்லாருக்கும் ஒன்றாக எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு தனி மனிதர் முகம் பார்த்து நடக்கக் கூடாது.

இனி தடைகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலில் கூச்சம். ஆம்ஸ்டர்டாமில் 2012-இல் பியர்பி என்ற சேவை தொடங்கியது. தொடங்கியவர் டான் வெடபோல். தன் வீடு தீப்பிடித்து எரிந்தபின் எல்லாவற்றுக்கும் அடுத்தவரிடம் கேட்க வேண்டிய நிலைக்கு வந்தவர் அவர். கேட்பதன் கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால் பியர்பியை எப்படி அமைத்தார்? யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் வைக்கவில்லை. எனக்கு இது வேண்டும் என்று நீங்கள் எழுதினால், சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி போகும். இருப்பவர் பதில் சொல்வார். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டு, அவர் இல்லை என்று சொல்லும் சங்கடம் இல்லை.

சுவிட்சர்லாந்தில் பும்பிபும்பே என்ற அமைப்பு இதைவிட எளிமையாகச் செய்தது. சிறு சிறு ஒட்டுப்படங்கள். ஒன்றில் ஏணி, ஒன்றில் சைக்கிள் பம்பு, ஒன்றில் தையல் மிஷின். எதை இரவல் கொடுக்கத் தயாரோ அந்தப் படத்தை உங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அவ்வளவுதான். நம் கிரைண்டர் வீட்டு அட்டை சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் படமாக மாறியது போல இல்லையா?

கூச்சத்துக்கு இன்னொரு மருந்து வாடகை. சிலர் முகம் சுளிக்கலாம்: பக்கத்து வீட்டுக்காரரிடமா காசு வாங்குவது? சற்று யோசியுங்கள். ஒருமுறை இலவசமாக ஏணி வாங்கினால் இரண்டாம் முறை கேட்கத் தயங்குகிறோம். மூன்றாம் முறை கடைக்கே போய்விடுகிறோம். கடன்பட்ட உணர்வு அப்படி. ஐம்பது ரூபாய் கொடுத்தால் பத்து முறை கேட்கலாம். அவசரத்துக்கு ஒருமுறை என்றால் இரவல் போதும். அடிக்கடி தேவை என்றால் வாடகைதான் உறவைக் காப்பாற்றும்.

அடுத்து பயம். கொடுத்த பொருள் உடைந்தால் யார் பொறுப்பு? இதற்கு நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு முதலே சட்டம் இருக்கிறது! இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 151-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பொருளை வாங்கிப் போனவர், தன் சொந்தப் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரிவின்படி, சொன்ன வேலைக்கு மாறாகப் பயன்படுத்திப் பொருள் கெட்டால் ஈடுகட்ட வேண்டும்.

கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. அதுதான் பலருக்குத் தெரியாது. தண்ணீர் மோட்டாரை இரவலாகக் கொடுக்கிறீர்கள், வயரில் கசிவு இருக்கிறது, எடுத்தவருக்கு ஷாக் அடிக்கிறது. கசிவு உங்களுக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் கொடுத்திருந்தால் நீங்கள் பொறுப்பு. அதே மோட்டாரை வாடகைக்குக் கொடுத்திருந்தால்? தெரிந்திருந்தாலும் பொறுப்பு, தெரியாமல் இருந்தாலும் பொறுப்பு. 150-ஆம் பிரிவு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. காசு வாங்கிய நிமிடத்தில் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இல்லை, கருவியின் நலனுக்கு உத்தரவாதம் கொடுத்தவரும் ஆகிவிடுகிறீர்கள். எனவே பிளக், வயர், எர்த் மூன்றையும் பார்க்காமல் எந்த மின்கருவியையும் வாடகைக்கு விடாதீர்கள்.

லண்டனில் 2016-இல் தொடங்கிய ஃபேட் லாமா என்ற தளம் இந்தப் பயத்தைக் காப்பீட்டால் தீர்த்தது. உடைந்தாலும் திருடு போனாலும் ஈடு உண்டு என்றது. சரி, அங்கே எந்தப் பொருள் நன்றாக ஓடியது? ட்ரில் மிஷினா? கேமராவும் லென்சும் ட்ரோனும்தான். விலை அதிகம், எப்போதாவது தேவை, கையில் எடுத்துப் போகலாம். அலைச்சலுக்குக் கட்டுபடியாகும் பொருள்கள் அவை.

மூன்றாவது, அலைச்சல். இதற்கு நல்ல விடை நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே வந்திருக்கிறது. ஆம், நூலகம்! கலிபோர்னியாவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் புத்தகம் போலவே கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. ஏணி, ரம்பம், ட்ரில் மிஷின் எல்லாம் உண்டு. ஸ்னாப்குட்ஸ் இரண்டு ஆண்டில் மூடியது. பெர்க்லி நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நடக்கிறது. என்ன வித்தியாசம்? பெர்க்லியில் ஓர் இடம் இருக்கிறது, ஓர் ஆள் இருக்கிறார், திறக்கும் நேரம் இருக்கிறது. லண்டனில் லைப்ரரி ஆஃப் திங்ஸ் என்ற அமைப்பு இதையே சிறு வாடகைக்குச் செய்கிறது. அங்கே தரைவிரிப்பு சுத்தம் செய்யும் மிஷினுக்கு நல்ல கிராக்கி. பெரிய மிஷின், வருடத்துக்கு ஒருமுறை தேவை, வீட்டில் வைக்க இடம் இல்லை. சரியான பொருள், சரியான இடம்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? செயலி எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், தெரியும். அவசரப்படாதீர்கள். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு போதும், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதலில் பொருளைத் தேர்ந்தெடுங்கள். மிக்சி, அயர்ன் பாக்ஸ் வேண்டாம், அவை தினசரிப் பொருள்கள். சக்கர நாற்காலி, வாக்கர், மடக்கிவைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில், நெபுலைசர் ஆகியவற்றில் தொடங்குங்கள். இடுப்பு எலும்பு முறிந்து வீடு திரும்பும் ஒரு பெரியவருக்கு இவற்றில் பல மூன்று மாதம் தேவை. பிறகு வருடக்கணக்கில் பரண்தான். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவிக்காக நாம் தவித்தோமே, நினைவிருக்கிறதா? அடுத்து உயரமான ஏணி, புரொஜெக்டர், பிரஷர் வாஷர், தண்ணீர் இறைக்கும் மோட்டார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றபோது மோட்டாருக்கு எவ்வளவு அலைந்தார்கள்! தெருவுக்கு இரண்டு மோட்டார் யாரிடம் இருக்கிறது என்பது செப்டம்பரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து ஆள். இதை வாட்ச்மேன் தலையில் கட்டாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே பத்து வேலை. சாமானை யார் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறாரோ, அவருக்கு வாடகையில் பங்கு கொடுங்கள். ஓட்டத் தெரிய வேண்டிய மிஷின் என்றால் ஓட்டும் ஆளையும் சேர்த்தே கொடுங்கள். நம் தெருவில் பிரஷர் வாஷரை ஓட்டத் தெரிந்த ஓர் இளைஞருக்கு அது சனி ஞாயிறு வருமானம். மிஷின் வாங்கியவருக்கு வாடகை, ஓட்டியவருக்குக் கூலி, எடுத்தவருக்குச் சுத்தமான மொட்டைமாடி.

பிறகு எழுத்து. கொடுக்கும்போது ஒரு படம், திரும்பும்போது ஒரு படம். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாள், உடைந்தால் என்ன கணக்கு, எல்லாம் படிக்கட்டுப் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் ஒரே விலை. கல்யாணமாகாத பையன்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கும் அதே விலை.

இதெல்லாம் செய்தால் உலகம் மாறிவிடுமா? உலகத்தில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. நம் தெருவின் இரண்டு மோட்டாரும் ஒரு சக்கர நாற்காலியும் அந்த மலையைக் கரைத்துவிடாது. ஆனால் இன்னொரு மிஷின் வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் இருக்கலாம், ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவு குறையலாம், ஓர் இளைஞருக்கு வருமானம் வரலாம். தெரு அளவு பிரச்சினைக்குத் தெரு அளவு விடை.

முடிக்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். இப்படி ஓர் ஏற்பாடு தொடங்கினால் முதல் வாரம் கொடுப்பவர்கள் பட்டியல் மளமளவென்று நிறையும். என்னிடம் ஏணி இருக்கிறது, என்னிடம் புரொஜெக்டர் இருக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள். கொடுப்பதில் ஒரு பெருமை இருக்கிறதல்லவா! வேண்டும் என்ற பக்கம் மட்டும் காலியாக இருக்கும். அங்கேதான் இந்த முயற்சிகள் சாகின்றன. ஆகவே முதல் பெயரை யார் எழுத வேண்டும்? கஷ்டத்தில் இருப்பவர் எழுதக் காத்திருக்காதீர்கள், அவருக்குத்தான் கூச்சம் அதிகம். சங்கத் தலைவர் எழுதட்டும். டாக்டர் எழுதட்டும். சொந்தமாக நாலு ஏணி வாங்கும் வசதி உள்ளவர் ஓர் ஏணியை வாடகைக்குக் கேட்கட்டும். வசதி உள்ளவர் கேட்கத் தொடங்கினால்தான் வசதி இல்லாதவர் தலைகுனியாமல் கேட்க முடியும்.